கண் முகாமில் குறட்டையையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் கண் பராமரிப்பு பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய், கைத்தொலைபேசி, வெயில், கேரட், முருங்கைக்கீரை எல்லாம் அதில் இருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ராத்திரி குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி விழிக்கிறவர்களின் கண்ணுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டாலும் சரி. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் மலேசியாவில் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பால் மரம் என்கிற ரப்பர்க் காலத்தில் சேர்ந்து செம்பனைக் காலத்தில் வெளியே வந்தேன். பால் தெறித்த கண், உரத்தூள் விழுந்த கண், செம்பனை முள் கீறிய கண், மருந்தடிக்கப் போன பெண்களின் எரிகிற கண் என்று பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கு முடிந்ததும் என் அறை வாசலில் ஒரு வரிசை நிற்கும். கழுவி, சொட்டு விட்டு, பெரிய கேஸ் என்றால் ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்து அனுப்புவது என் வேலை. அந்த வேலைப் பழக்கத்தில்தான் இன்றும் யாராவது கண்ணைக் கசக்கினால் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்துவிடுகிறேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. கல்யாண வீட்டில்கூட விடமாட்டீர்களா என்பாள்.

என் மைத்துனர் லோரி ஓட்டுகிறவர். தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போவார். ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தும் வயிறும் பெருத்த ஆள். அவருக்கு வலது கண் எப்போதும் சிவந்தே இருக்கும். காலையில் எழுந்தால் பீளை நூல் நூலாக வரும், இமை ஒட்டிக்கொள்ளும், மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் தெளியும். மறுநாள் காலை அதே கதை. கண் நோவு என்று ஒரு கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தீர்ந்ததும் இன்னொரு சொட்டு. அப்புறம் அலர்ஜி என்று மாத்திரை. செம்பனைத் தூசி, லோரிப் புகை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தூசி என்றால் இரண்டு கண்ணிலும்தானே விழும்? ஏன் வலது கண் மட்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டது எங்கள் டவுன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்யும் ஒரு சீனப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. படிக்கும் கண்ணாடி மாற்றத்தான் மைத்துனர் போயிருந்தார், நானும் துணைக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் முகவாயை வைக்கும் கருவியில் அவரை உட்காரவைத்து, மேல் இமையைக் கட்டைவிரலால் லேசாக நெற்றிப் பக்கம் தூக்கினாள். அவ்வளவுதான், இமை தானாகவே உள்பக்கம் வெளியே தெரியப் புரண்டுவிட்டது. சாதாரணமாக மேல் இமையைப் புரட்ட வேண்டுமானால் முடியைப் பிடித்து, ஒரு குச்சியை மேலே அழுத்தி, மடித்துத்தான் புரட்ட வேண்டும். நான் எத்தனையோ பேருக்குப் புரட்டியிருக்கிறேன், சுலபத்தில் வராது. இவருக்கோ புகைபோடாத பச்சை ரப்பர் ஷீட் மாதிரி இழுத்த இழுப்புக்கு வந்தது. உள்தோல் சிவந்து, சின்னச் சின்ன மணியாகத் தடித்திருந்தது. இமை முடிகளும் நேராக இல்லாமல் கண்ணைப் பார்த்துக் குப்புறச் சாய்ந்திருந்தன.

அந்தப் பெண் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவியைப் பார்த்து, "காக், அபாங் தீடோர் பெர்டெங்கூர் கா?" என்றாள். குறட்டை விடுவாரா என்று. என் தங்கச்சி முறை ஆகிற அந்த அம்மாள் மலாயிலேயே பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு மாறி என்னிடம் கொட்டித் தீர்த்தார். "அண்ணே, அதை ஏன் கேக்கறீங்க, பக்கத்து வீட்டு ஆள் செவுத்தைத் தட்டுவாரு. திடீர்னு சத்தமே இருக்காது. எனக்கு அதுதான் பயம். கைய வச்சுப் பாத்தா நெஞ்சு ஆடும், மூக்குல காத்து வராது. அப்புறம் உறுமிக்கிட்டு எழுந்திரிப்பாரு." எந்தப் பக்கம் படுப்பார் என்று அடுத்த கேள்வி. வலது பக்கம்.

சிவந்த கண்ணும் அதுதான். தளர்ந்த இமை தலையணையில் உராய்ந்து, தூக்கத்திலேயே புரண்டு, ராத்திரி முழுக்கத் துணியில் தேய்கிறது. எந்தப் பக்கம் படுக்கிறாரோ அந்தப் பக்கத்துக் கண் அதிகமாகப் பாடுபடும். இமை தளரும் இந்த நோயை 1981-ல் அமெரிக்காவில் கல்பர்ட்சன், ஆஸ்ட்லர் என்ற இரண்டு கண் மருத்துவர்கள் முதன்முதலாக எழுதினார்கள். உடம்பு பெருத்த ஆண்களுக்கு வருகிறது என்று கவனித்துவிட்டார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பதோடு இதற்குச் சம்பந்தம் உண்டு என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. இமைக்கு விறைப்புக் கொடுக்கும் எலாஸ்டின் என்ற இழை இவர்களுக்குக் குறைந்துபோகிறது. அந்த மாதிரிக் கண்ணுக்கு எத்தனை பாட்டில் சொட்டு மருந்து விட்டால்தான் என்ன?

மூச்சு நிற்பது எப்படி என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைத் தசை தளரும். சிலருக்கு அது முழுசாக ஒட்டிக்கொண்டு காற்றை மறித்துவிடும். பத்து வினாடியாவது நின்றால் ஒரு தடை என்று கணக்கு. முழுத்தடையும் அரைகுறைத் தடையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். 5-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி உசுப்பும். ஒரு உறுமலோடு மூச்சு திரும்பும்போது இரத்த அழுத்தம் சர்ரென்று ஏறும். கடுமையான ஆளுக்கு ஒரே ராத்திரியில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். காலையில் அவருக்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன் என்பார், பெரட்டில் நின்றுகொண்டே கண் சொக்குவார்.

இமைக் கதை தொல்லைதானே ஒழிய ஆளைக் குருடாக்குவது அபூர்வம். பின்பக்கத்து நரம்பு விஷயம்தான் என்னைத் தூங்கவிடாதது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) முன்னாள் மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர், ஒருவர் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர், இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. ஒரு நாள் காலை எழுந்து காப்பிக் கோப்பையை எடுக்கக் கை நீட்டியவர் கோப்பையைத் தட்டிவிட்டார். மகள் துடைத்துவிட்டு இன்னொன்று வைத்தாள், அதையும் தட்டிவிட்டார். வலியில்லை, எரிச்சலில்லை, கண் சிவக்கவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடது கண்ணில் கீழ்ப்பாதி இல்லை. எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரிகிறது, வயிறு தெரியவில்லை. சுவரில் மாட்டிய காலண்டரில் முருகன் படம் தெரிகிறது, அதன் கீழே உள்ள தேதிக் கட்டம் இல்லை. வீட்டில், புரை விழுந்திருக்கும், தீபாவளி கழித்து அறுத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். புரை ஒரே ராத்திரியில் விழாது, பாதிக் கண்ணை மட்டும் மறைக்காது. விஷயம் என் காதுக்கு வந்தபோது சில நாள் ஓடிப்போயிருந்தது.

ஈப்போவில் பார்த்துச் சொன்னார்கள்: பார்வை நரம்பின் முனைக்கு இரத்தம் போதாமல் போய்விட்டது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்தான். அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் நெருக்கியடித்துப் போகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடம் இன்னும் சின்னது. அப்படிப்பட்டவருக்கு இரத்த ஓட்டம் கொஞ்சம் குறைந்தாலும் நரம்பு வீங்கும், வீங்க இடமில்லாததால் தன்னைத் தானே நசுக்கிக்கொள்ளும். பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வருகிறது. பலர் இதைக் காலையில் கண் விழிக்கும்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு ஆகியவற்றோடு தூக்கத்தில் மூச்சு நிற்பதும் இதற்குச் சேர்மானம். போன பார்வையைக் கொண்டுவர நிரூபணமான வைத்தியம் இதுவரை இல்லை. இன்னொரு கண்ணையும் பிடிக்கும் வாய்ப்பு 5 வருஷத்தில் சுமார் 15 விழுக்காடு என்று அமெரிக்காவில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மருத்துவர் மிச்சக் கண்ணைக் காப்பாற்றத்தான் பேசினார். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு மகளைப் பார்த்து, "அப்பா குறட்டை விடுவாரா?" என்றாராம்.

அந்த மண்டோரின் குறட்டை தோட்டத்தில் பிரசித்தம். லயத்து வீட்டில் இருந்த காலத்தில் பலகைச் சுவர் தாண்டி நாலு வீட்டுக்குக் கேட்கும். அவர் குறட்டையைப் போலச் செய்துகாட்டி கோயில் திருவிழா மேடையில் சிரிக்க வைத்த பையன்கள் உண்டு. "அசதி, ஆள் நல்லாத் தூங்குறாரு" என்று அவர் சம்சாரம் பெருமையாகவே சொல்லும். ஊரே அறிந்த ஒரு நோய்க்குறி, எந்த மருத்துவர் அட்டையிலும் ஏறாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது.

கண் மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். ஏன் சொல்லவேண்டும்? கண்ணுக்குத்தானே வந்திருக்கிறார்! சொல்ல நினைத்தாலும் அவருக்குத் தெரியாது, தூங்குகிறவருக்குத் தன் குறட்டை எப்படிக் கேட்கும்? இதில் சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான். நம் பெண்களோ மருத்துவர் அறைக்கு வெளியே பையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். சாட்சியை வெளியே வைத்துவிட்டு உள்ளே விசாரணை நடக்கிறது. பெண்களுக்கும் இந்த நோய் வரும், மாதவிலக்கு நின்ற பிறகு அதிகமாக வரும் என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம், கணவன்மார் விழித்திருந்து கேட்கிற ஜாதி இல்லை.

கண் அழுத்த நோய் என்கிற குளோக்கோமாவும் இந்த மூச்சுத்தடைக்காரர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மூச்சுத்தடைதான் அதற்குக் காரணமா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. என்றாலும், கண்ணில் அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு தேய்ந்துகொண்டே போகிற ஆளிடம் தூக்கத்தைப் பற்றி விசாரிக்கிற கண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். விழித்திரை நாளம் அடைபடுவதோடும், இனிப்பு நீரால் விழித்திரை கெடுவதோடும்கூட இதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். சர்க்கரையால் ஏற்கெனவே நைந்துபோன இரத்த நாளத்துக்கு ராத்திரி ராத்திரி ஆக்சிஜனையும் குறைத்தால் என்ன ஆகும் என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று வந்தது. இனவாரியாகப் பார்த்தால் அதில் முதலிடம் இந்தியர்களுக்கு. அதே ஆய்வில் பெரியவர்களில் பாதிப்பேர் அளவுக்கு மீறிய எடை. இந்த இரண்டும் சேர்கிற வீடுகள் எங்கள் டவுனில் எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள், எந்தத் தெருவில் இல்லை என்று கேளுங்கள்.

ஒல்லியானவர்களுக்கு வராது என்றும் நினைக்கவேண்டாம். தாடை சின்னதாக, உள்வாங்கி இருந்தால் ஒல்லி ஆளுக்கும் வரும்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் பயமுறுத்துவது முறையல்ல. மைத்துனருக்கு முதலில் ராத்திரிப் பரிசோதனை. இப்போதெல்லாம் வீட்டிலேயே விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு வார் என்று மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டு காலையில் கருவியைத் திருப்பிக் கொடுக்கலாம். தேவைப்பட்டால் மருத்துவமனையில் ஓர் இரவு படுக்கச் சொல்வார்கள். அவர் கணக்கு 30-ஐ நன்றாகவே தாண்டியிருந்தது. காற்றை மெல்லிய அழுத்தத்தில் மூக்கு வழியாகச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவியைப் பயன்படுத்தச் சொன்னார்கள். சிட்னியில் காலின் சலிவன் என்ற மருத்துவர் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிப் போட்டுச் செய்ததாம் முதல் கருவி. அவர் அதை வெளியிட்டதும் 1981-ல்தான், அமெரிக்காவில் அந்த இருவரும் தளர்ந்த இமையைப் பற்றி எழுதிய அதே வருஷம்!

விலைதான் இடிக்கிறது. சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கிற நாட்டில் தோட்டத் தொழிலாளி அதை எங்கே போய் வாங்குவார்? மைத்துனர் வீட்டில் அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லாம் போட்டு வாங்கினோம். எல்லோருக்கும் அப்படி ஆள் இருக்காது. சமூக நல அமைப்புகள் சக்கர நாற்காலி கொடுக்கிறார்கள், நல்ல காரியம், படம் பத்திரிகையில் வருகிறது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு சீபேப்பையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். முகத்தில் மாட்டிக்கொண்டு படம் எடுத்தால் அழகாக இருக்காதுதான்.

கருவி வாங்கியதும் கண் கதை முடிந்துவிட்டதா என்றால் இல்லை. முதலில் இரண்டு கண்ணும் காய்ந்துபோய் மணல் விழுந்த மாதிரி உறுத்த ஆரம்பித்தது. "இது என்னா மச்சான், இருந்த கண்ணும் போயிடும் போலிருக்கே" என்று கருவியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். நான் போய் மாட்டச் சொல்லிப் பார்த்தேன். முகமூடி அவர் மூக்குத்தண்டில் சரியாகப் பொருந்தவில்லை. விளிம்பில் காற்று கசிந்து நேராகக் கண்ணுக்குள் ஊதியது. என் கையை வைத்தாலே தெரிந்தது. வேறு அளவு முகமூடி மாற்றி, காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்த பிறகு உறுத்தல் நின்றது. படுக்கும் முன் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு, இமைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. பக்கவாட்டில் படுப்பது தொண்டைக்கு நல்லது, ஆனால் தலையணைப் பக்கத்து இமைக்குக் கெடுதல். அதனால்தான் அந்த மூடி. இந்தக் கசிவைப் பற்றி யாராவது முன்கூட்டியே சொன்னால் நிறையப் பேர் கருவியைப் பரணில் ஏற்றமாட்டார்கள். இப்போது அவர் கண் வெளுத்துவிட்டது. இமை பழைய விறைப்புக்கு வரவில்லை, வரும் என்று யாரும் சொல்லவுமில்லை, ஆனால் பீளை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் சுவரைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

எடை குறைந்தால் தடையும் குறையும். உடம்பில் பத்தில் ஒரு பங்கு எடை இறங்கினால் மணிக்கு எத்தனை தடை என்ற அந்தக் கணக்கு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று ஓர் அமெரிக்க ஆய்வில் கண்டிருக்கிறார்கள். படுக்கப் போகும் முன் பியரோ, சம்சு என்கிற மலிவுச் சாராயமோ அடிப்பது தொண்டைத் தசையை இன்னும் தொளதொளவென்று ஆக்கும், தூக்க மாத்திரையும் அப்படித்தான். எடை குறைக்கும் ஊசி இப்போது டவுன்வரை வந்துவிட்டது, அதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். செமாக்ளூடைட் என்ற அந்த மருந்தால் மிக அபூர்வமாக, 10,000 பேரில் ஒருவர் வரைக்கும், மண்டோருக்கு வந்த அதே பார்வை நரம்பு நோய் வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் அறிவித்தது. மருந்து கெட்டது என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் ஆர்டர் போட்டுத் தானே குத்திக்கொள்ளாமல் மருத்துவர் கண்காணிப்பில் போடுங்கள், பார்வை திடீரென்று மங்கினால் அன்றைக்கே ஓடுங்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரையை ராத்திரி போடுவதா காலையில் போடுவதா என்பதும் நரம்பு நோய் வந்தவர்களுக்கு ஒரு கேள்விதான். ராத்திரியில் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் நரம்புக்கு ஆகாது என்று சிலர் கருதுகிறார்கள். அதை மருத்துவரிடம் கேளுங்கள். தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

லோரி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குறட்டை என்று மருத்துவரிடம் சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் அவர்களிடம் ஆழமாக இருக்கிறது. மைத்துனரும் கண்ணாடிக் கடையிலிருந்து வெளியே வந்ததும் மனைவியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "நீ ஏன் எல்லாத்தையும் சொன்ன?" என்பதுதான். பயம் நியாயமானது. ஒரு நாள் லோரி ஓடாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. ஆனால் ராத்திரி ஆயிரம் துண்டாகத் தூங்கிய ஆள், கண்ணில் பீளையோடு, குலை ஏற்றிய லோரியைச் செம்மண் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏற்றுகிறார். எதிரே பள்ளிக்கூட வேன் வருகிறது. லைசென்ஸ் பரிசோதனைக்கு வருகிறவரிடம் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறோம், அவரும் கடைசி வரிவரை படித்துவிடுவார். அந்தக் கண் பகல் இரண்டு மணிக்குத் திறந்திருக்குமா என்று பலகை சொல்லுமா? வைத்தியம் செய்துகொண்டு ஒழுங்காகக் கருவி மாட்டுகிறவர் ஓட்டலாம், மைத்துனர் இன்றும் ஓட்டுகிறார். மறைக்கிற ஆளுக்குத்தான் ஆபத்து. முதலாளிமாரும் சங்கத்துக்காரர்களும் "பரிசோதித்துக்கொள், வேலை போகாது" என்று வாயைத் திறந்து சொன்னால் பாதிப்பேர் தானாக வருவார்கள். சொல்லாதவரை வரமாட்டார்கள், நானும் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

இனி நான் வெட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பகுதி. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் கோயில் மண்டபங்களிலும் இலவசக் கண் முகாம்கள் நடக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், எழுத்துப் பலகை, படிக்கும் கண்ணாடி, கடைசியில் மதியச் சாப்பாடு. அரசாங்க கிளினிக்குகளில் 1 வெள்ளிக்கு மருத்துவரைப் பார்க்கலாம். பல கிளினிக்குகளில் இனிப்பு நீர்க்காரர்களின் விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவும் இருக்கிறது. ஏற்பாடு எல்லாம் இருக்கிறது. பதிவு செய்யும் மேசையில் கொடுக்கும் அந்தத் தாளில் சில கேள்விகளை மட்டும் சேர்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். சத்தமாகக் குறட்டை விடுகிறாரா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறாரா? காலையில் ஒரு பக்கத்துக் கண் மட்டும் சிவந்து பீளை கட்டுகிறதா? இந்தக் கேள்விகளை வந்தவரிடம் கேட்காமல், கூட வந்தவரிடம் கேளுங்கள். தனியாக வந்திருந்தால் வீட்டுக்குத் தொலைபேசி போடச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் ஆம் என்று வந்தால், கண் மருத்துவருக்குக் கொடுக்கும் கடிதத்தில் அதையும் ஒரு வரி எழுதுங்கள், மூச்சுப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். கழுத்துச் சுற்றளவும் ஒரு முக்கியமான குறிப்பு. 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்கவேண்டும் என்று கனடாவில் 2008-ல் வெளியான ஒரு கேள்விப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பல நாடுகளில் மயக்க மருந்து மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். தையல்காரர் நாடா ஒன்று போதும், ஐந்து வெள்ளிகூட ஆகாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு, ஆசிரியர் அவர்களே. பகல் தூக்கத்தை அளக்க மெல்பர்னில் மர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் எட்டுக் கேள்வி கொண்ட ஒரு தாளை உருவாக்கினார். உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, வண்டியில் பயணியாகப் போகும்போது கண் அசருமா என்ற மாதிரிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. 10-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். உங்கள் மருத்துவப் பக்கத்து ஆலோசகர் ஒருவரைக் கொண்டு அதை நம் ஊர் வழக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். தோட்டத்து வீடுகளில் உங்கள் பத்திரிகையை இன்றும் ஒருவர் படிக்க, நாலு பேர் கேட்பார்கள். படிக்கிறவர் கேள்வியை வாசித்துவிட்டுத் தலைநிமிர்ந்து யாரைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கோயில் மண்டபத்தில் அடுத்த முகாமுக்குத் தேதி குறித்தால் ஏற்பாட்டாளர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும். பதிவு மேசையில் கழுத்து அளக்க ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லவேண்டாம், நாடாவோடு நான் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட டிரெஸர்,
சுங்கை சிப்புட், பேரா.